கூரைக்குக் கீழே எறிந்த பந்து

அந்த டிசம்பர் மாதம் என் இடது கைப் பெருவிரல் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. மெல்பேர்னின் கிளேட்டனில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வருகிறவர்களுக்கு ஊசி போட்டு இரத்தம் எடுப்பது என் வேலை. கதிரையில் வந்து உட்கார்ந்து சட்டைக் கையை மடிக்கிறவர்கள் நான் கையுறை போடுவதற்குள் அந்த விரலைப் பார்த்துவிடுவார்கள்.

"கதவுக்குள்ள நசிஞ்சதோ பிள்ளை?" என்று ஒரு அங்கிள் கேட்டார்.

"இல்லை அங்கிள். என்ர மனுசன் எறிஞ்ச பந்து" என்றேன்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் போகும்போது கதவடியில் நின்று என்னைப் பரிதாபமாக ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அவரைக் கூப்பிட்டு முழுக்கதையையும் சொல்ல வேண்டும் போல இருந்தது. அடுத்த ஆள் கதிரையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

என் கணவர் பேஸ்போல் விளையாடுகிறவர். ஆறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து பெற்றோருடன் மெல்பேர்னுக்கு வந்தவர், பள்ளிக்கூடத்தில் இடது கையால் கிரிக்கெட் பந்து வீசிக்கொண்டு திரிந்தார். அவர் எல்லைக் கோட்டிலிருந்து பந்தை எறிந்ததைப் பார்த்த ஓர் உடற்பயிற்சி ஆசிரியர் பேஸ்போல் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். நான் மன்னாரில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து இங்கே வரும்வரை அப்படி ஒரு விளையாட்டு உலகத்தில் இருப்பதே எனக்குச் சரியாகத் தெரியாது.

தெரியாதவர்களுக்கு நான் சொல்லும் விளக்கம் இதுதான். பேஸ்போலில் ஒருவர் பந்தை எறிவார். அவர் பிட்சர். எதிரணிக்காரர் கட்டையால் அடிக்கப் பார்ப்பார். அடித்துவிட்டு மூன்று தளங்களையும் சுற்றி ஓடித் திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். முதலில் எறியத் தொடங்குகிற பிட்சர் ஐந்தாறு சுற்றில் களைத்துவிடுவார். அவரை எடுத்துவிட்டு இன்னொருவரை அனுப்புவார்கள். அந்த இன்னொருவர்கள் ஏழெட்டுப் பேர், மைதானத்தின் ஓரத்தில் புல்பென் என்கிற கம்பி வேலிக்குள் இருந்து, எப்போது கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் கணவர் அந்த ஏழெட்டுப் பேரில் கடைசி ஆள்.

பகலில் அவர் செய்த வேலையும் ஏறக்குறைய அதுதான். ஏதாவது பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் ஒருவர் சுகமில்லை என்று வராவிட்டால் காலையில் போன் வரும். இவர் போய் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்வார். வாரநாளில் களைத்த ஆசிரியர்களுக்குப் பதில், வாரக் கடைசியில் களைத்த பிட்சர்களுக்குப் பதில். ஒன்பது வருடத்தில் மெல்பேர்ன், பேர்த், அடிலெய்ட் என்று அணி மாறி மாறித் திரும்பவும் மெல்பேர்னுக்கே வந்திருந்தார். ஒவ்வொரு அணியும் எடுக்கும்போது இடது கைக்காரர் வேண்டும் என்று எடுக்கும். விடும்போது இன்னும் வேகமான இடது கைக்காரர் கிடைத்துவிட்டார் என்று விடும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மைதானத்துக்கு வரச் சொல்லி மானேஜர் அழைத்தார். எனக்கு அன்று லீவு. நான் காரிலேயே இருந்தேன். பத்து நிமிடத்தில் அவர் தோளில் ஒரு பையும் கையில் மைதானத்தில் போடும் முட்சப்பாத்துமாக வெளியே வந்தார். அந்தச் சப்பாத்தை அவர் ஒருநாளும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது.

"விட்டிட்டாங்கள்" என்றார். "அமெரிக்காவில இருந்து ஒரு லெஃப்ட் ஹாண்டர் வாறானாம். மானேஜர் நல்ல மாதிரித்தான் கதைச்சவர். என்ர பந்தில முந்தின வேகம் இல்லையாம்."

"உண்மையோ?"

"ஓம். உண்மைதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் சப்பாத்தின் முள்ளில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். முப்பத்து மூன்று வயது. வேகம் இனித் திரும்பி வராது என்று இருவருக்கும் தெரியும்.

இருந்தாலும் மூன்றாம் நாள் காலையில் அவர் கராஜுக்குள் நின்று சுவரில் பந்தை எறிந்துகொண்டிருந்தார். கையை ஆறவிடக் கூடாது, பிறகு திரும்ப வராது என்றார். சுவர் எங்களுடையதல்ல, வாடகை வீட்டுச் சுவர்.

"ஆராவது பிடிக்க இருந்தா நல்லது" என்றார்.

"நான் பிடிக்கிறன்" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவருடைய பையிலிருந்து, அடிக்கிறவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கிற கேட்சர் போடுகிற பெரிய தோல் கையுறையை எடுத்து இடது கையில் மாட்டிப் பார்த்தேன். தலையணைக்குள் கையை விட்டது போல இருந்தது.

அடுத்த நாளிலிருந்து என் வேலைக்கு முன்னால், காலை ஆறரைக்கு, கிளேட்டனில் எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற பூங்காவுக்குப் போனோம். பக்கத்து வீட்டுக் கிரிக்கெட்காரரிடம் கம்பி முகமூடி வைத்த ஹெல்மெட்டும் கால்காப்பையும் இரவல் வாங்கினேன். ஒரு வாளியைக் கவிழ்த்து அதில் குந்தினேன். அவர் அறுபது அடி அளந்து நின்று பாதி வேகத்தில் எறிந்தார். முதல் நாள் பத்தில் நாலைப் பிடித்தேன். ஒரு வாரத்தில் பத்தில் எட்டு. பந்து கையுறையின் நடுவில் விழும்போது ஒரு சத்தம் வரும். சமையல்கட்டில் பெரிய பூசணிக்காயை ஒரே வெட்டில் பிளக்கிற மாதிரி. அந்தச் சத்தத்துக்காகவே நான் காலையில் அவருக்கு முதல் எழும்பத் தொடங்கினேன்.

இரண்டாம் வாரத்தில் ஒருநாள் நாங்கள் போய்ச் சேர்ந்தவுடன் மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் பார்பிகியூ அடுப்புகளுக்கு மேலே ஒரு நீளமான தகரக் கொட்டகை இருக்கிறது. திரும்பிப் போக மனமில்லாமல் அதற்குள் ஓடினோம். நீளம் போதும். ஆனால் கூரை பதிவு, எட்டித் தொடும் தாழ்வு. அவர் வழக்கம்போலத் தலைக்கு மேலே கையைத் தூக்கியபோது விரல் கூரையின் மரத்தில் இடித்தது.

"ஏலாது, வீட்டை போவம்" என்றார்.

"கையைப் பதிச்சு எறியுங்கோ."

"அப்பிடி எறியிறேல்லை."

"சும்மா எறியுங்கோ, கை ஆறுறதுக்கிடையில."

அவர் சலித்துக்கொண்டே கையை இடுப்பு மட்டத்தில் பக்கவாட்டாகச் சுழற்றி எறிந்தார். பந்து நேராக என் கையுறையின் நடுவுக்கு வந்தது. நான் சத்தத்துக்குக் காத்திருந்தேன். கடைசி ஒரு முழத்தில் அது கீழே இறங்கி என் வலது பக்கமாக ஓடியது. கையுறையின் ஓரத்தில், பெருவிரல் இருக்கிற இடத்தில் வந்து அடித்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அவர் ஓடி வந்தார். நான் கையுறைக்குள் இருந்து கையை எடுக்கவில்லை. எடுத்தால் பார்ப்பார், பார்த்தால் நிறுத்திவிடுவார்.

"இன்னொருக்கா அதே மாதிரி எறியுங்கோ" என்றேன்.

"விரலைக் காட்டும்."

"பிறகு காட்டுறன். முதல் எறியுங்கோ."

எறிந்தார். அது திரும்பவும் அதேபோல இறங்கி ஓடியது. இந்த முறை நான் பிடிக்கவேயில்லை. பந்து என்னைத் தாண்டி ஈரப்புல்லில் உருண்டது. நான் எழும்பி நின்று, "இது என்ன பந்து?" என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அன்று கிட்டத்தட்ட நாற்பது பந்து எறிந்தார். ஒவ்வொன்றும் மெதுவாகத்தான் வந்தது. ஒவ்வொன்றும் ஓடியது. நான் வேலைக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனேன்.

அதற்குப் பிறகு மழை இல்லாத நாளிலும் நாங்கள் அந்தக் கொட்டகைக்குள்தான் எறிந்தோம். கூரை அவருடைய கையைப் பதித்து வைத்தது. நான் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். பந்து எங்கே வர வேண்டுமோ அங்கே கையுறையை வைக்கக் கூடாது. இரண்டு சாண் இடது பக்கமாகத் தள்ளிக் காட்ட வேண்டும். அவர் அதைப் பார்த்து எறிவார், பந்து தானாக நடுவுக்கு ஓடி வரும். அப்படி வைக்கத் தொடங்கியதும் பத்தில் ஒன்பதைப் பிடித்தேன்.

காலையில் அந்தப் பக்கம் நடக்க வருகிற ஒரு பெண் இருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்கிறவள், என் வயதுதான். முகமூடியும் கால்காப்பும் கட்டிக்கொண்டு வாளியில் குந்தியிருக்கிற ஒரு தமிழ்ப் பெண்ணை இரண்டு மூன்று நாள் தள்ளி நின்று பார்த்தாள். நான்காம் நாள் கிட்ட வந்தாள்.

"ஏங்க, இது என்ன கேம்?"

சொன்னேன்.

"நான் காலேஜ்ல ஹாக்கி ஆடியிருக்கேன். அடிக்கிற ஆள் வேணுமா? நிக்கட்டுமா?"

"நிண்டு பாருங்கோ. ஆனா அடிக்க வேண்டாம், கூரை உடைஞ்சிடும்."

அவள் கையிலிருந்த குடையை மட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு எனக்கு வலது பக்கத்தில் வந்து நின்றாள். அவள் இடது கைக்காரி. எங்களுக்கு வேண்டியதும் அதுதான். இடது கைப் பிட்சரைக் கூப்பிடுவதே இடது கையால் அடிக்கிறவரை மடக்கத்தான். என் கணவர் எறிந்தார். அவள் துள்ளிப் பின்னால் போனாள். பந்து எனக்கு முன்னால் பிளேட் என்று நாங்கள் கோடு கிழித்த சதுரத்தின் நடுவில் வந்து என் கையுறைக்குள் விழுந்தது.

"எனக்குப் பின்னாடியிருந்து வர்ற மாதிரி இருக்குங்க" என்றாள். "மேல படப்போகுதுன்னு நெனைச்சேன்."

"பயமா இருந்ததோ?"

"ஆமா. இன்னொரு தடவை போடச் சொல்லுங்க."

அன்று பின்னேரம் நான் ஒரு காரியம் செய்தேன். அவருக்குச் சொல்லவில்லை. கோவைக்காரி தன் போனில் எனக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்த வீடியோவை நான்கு அணிகளின் பயிற்சியாளர்களுக்கு அனுப்பினேன். என் ஆங்கிலத்தில் நாலே நாலு வரி. இவர் என் கணவர். இடது கை. புதிய எறிதல். எல்லாப் பந்தையும் நானே பிடித்தேன்.

இரண்டு பேரிடமிருந்து பதில் இல்லை. ஒருவர் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று மரியாதையாக எழுதினார். ஜனவரி இரண்டாம் வாரம், நான் ஒருவருக்கு இரத்தம் எடுத்து முடித்து பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தபோது பொக்கெற்றில் போன் அதிர்ந்தது. சிட்னி அணியின் பிட்சிங் கோச். இரண்டே கேள்வி எழுதியிருந்தார். அந்த முகமூடிக்குள் இருப்பது உண்மையாகவே நீங்களா? உங்கள் கணவர் புதன்கிழமை இங்கே வந்து சேர முடியுமா?

நான் பஞ்சை அழுத்துவதை விட்டுவிட்டேன் போலிருக்கிறது. "தங்கச்சி, இரத்தம் வருது" என்று அந்த அம்மா சொல்லித்தான் எனக்கு நினைவு வந்தது.

அவருக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

"என்னைக் கேக்காமலோ அனுப்பினீர்?"

"கேட்டிருந்தா விட்டிருப்பியளோ?"

"இல்லை."

"அதுதான்."

பிறகு, "புதன்கிழமை எண்டா நாளையண்டைக்கு" என்றார். குரல் மாறியிருந்தது. "காருக்கு எண்ணெய் மாத்த வேணும்."

சிட்னியின் இரண்டு இடது கைப் பிட்சர்களில் ஒருவருக்குத் தொடையில் தசை பிடித்துவிட்டது. மற்றவர் அமெரிக்காவுக்குத் திரும்பிவிட்டார். வியாழன் முதல் ஞாயிறு வரை பிரிஸ்பேன் அணியோடு நாளுக்கொன்றாக நாலு ஆட்டம். அந்த நாலு நாளுக்கு மட்டும் ஓர் ஆள் வேண்டும். அதற்குப் பிறகு ஒரு வாக்குறுதியும் இல்லை என்று கோச் போனில் தெளிவாகச் சொன்னார். பள்ளிக்கூடம் விடுமுறையில் இருந்தது. நான் லீவு எடுத்தேன். புதன் விடியற்காலை புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு ஹியூம் நெடுஞ்சாலையில் ஏறினோம். அல்பரி தாண்டி ஒரு தரிப்பிடத்தில் சாப்பிட நிறுத்தியபோது, சாப்பிடுவதற்கு முதல் அவர் என்னை ஒரு மரத்தடியில் நிற்க வைத்து இருபது பந்து எறிந்தார். லொறிக்காரர்கள் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்தார்கள்.

சிட்னியில், வெஸ்ட்மீட்டில், மன்னாரிலிருந்து எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஓர் அன்ரி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கருவிகளைக் கழுவிச் சுத்திகரிக்கிற பகுதியில் வேலை. அவருடைய வீட்டில்தான் தங்கினோம். கறி பரிமாறிக்கொண்டே விசாரணை தொடங்கினார்.

"தம்பி, எத்தினை ஓட்டம் எடுப்பீர்?"

"நான் அடிக்கிறேல்லை அன்ரி."

"அப்ப?"

"பந்து எறியிறது மட்டும்."

"முழு நாளுமோ?"

"இல்லை. கூடினா ஒரு பத்துப் பந்து. சில நாள் அதுவும் இல்லை."

அன்ரி கரண்டியோடு நின்றுவிட்டார். "பத்துப் பந்துக்கோ மெல்பேர்னில இருந்து கார் ஓடி வந்தனியள்?"

"ஓம் அன்ரி" என்று நாங்கள் இருவரும் ஒன்றாகச் சொன்னோம்.

வியாழக்கிழமை அவரைக் கூப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை புல்பெனில் இரண்டு தரம் எழும்பிக் கையைச் சூடாக்கினார். இரண்டு தரமும் திரும்பி உட்காரச் சொன்னார்கள். நான் வலைக்குப் பின்னால் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, அவர் எழும்பும்போதெல்லாம் எழும்பி, அவர் இருக்கும்போதெல்லாம் இருந்தேன்.

சனிக்கிழமை கூப்பிட்டார்கள். ஏழாவது சுற்று. எதிரில் இடது கைக்காரர். முதல் மூன்று பந்தில் இரண்டு வெளியே போயின. நான்காவது பந்து ஓடிப்போய் அந்த ஆட்டக்காரரின் விலாவில் அடித்தது. அப்படி அடித்தால் அவர் சும்மா நடந்து முதல் தளத்துக்குப் போகலாம். மானேஜர் உடனே வெளியே வந்து பந்தைத் திருப்பி வாங்கினார். நாலு பந்து. அவ்வளவுதான். என் கணவர் தலையைக் குனியாமல்தான் நடந்து வந்தார், ஆனால் என் பக்கம் பார்க்கவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது, ஏனென்றால் ஏன் அப்படி நடந்தது என்று எனக்குத் தெரியும். அணியின் கேட்சர் கையுறையை ஆட்டக்காரரின் பக்கமாக வைத்திருந்தார். சாதாரணப் பிட்சருக்கு அது சரி. இந்தப் பந்து இன்னும் இரண்டு சாண் உள்ளே ஓடும். அது நேரே விலாவுக்குத்தான் போகும்.

ஆட்டம் முடிந்து குடும்பக்காரர் நிற்கும் வாசலில் காத்திருந்தேன். கேட்சர் பென்ரித் பக்கத்தில் தச்சு வேலை செய்கிறவர், பெரிய உருவம், நல்ல முகம். நான் போய்ப் பேச வேண்டும் என்று ஆங்கிலத்தை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தபோது அவரே என்னைத் தேடி வந்தார்.

"இவருடைய பந்தைப் பிடித்தது நீங்கள்தானாமே" என்றார். "நான் இன்றைக்குத்தான் அதை முதல்தரம் ஆட்டத்தில் பார்க்கிறேன். என்ன பிழை விட்டேன்?"

நான் பையிலிருந்து சாப்பாட்டுப் பெட்டியின் மூடியை எடுத்து நிலத்தில் வைத்தேன். இதுதான் பிளேட் என்றேன். அதற்குப் பின்னால் குந்தினேன். கையை இடது பக்கம் இரண்டு சாண் தள்ளிக் காட்டினேன். இங்கே காட்டுங்கள், அங்கே வரும். நீங்கள் பந்தைத் தேடிப் போகாதீர்கள், அது உங்களைத் தேடி வரும். அந்தப் பெரிய மனிதர் என் பக்கத்தில் கொங்கிரீட்டில் குந்தி, தன் கையையும் அதேபோல வைத்துப் பார்த்தார். பிறகு என் கணவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் அந்த மூடியைச் சுற்றி நின்று கதைத்தோம். பிட்சிங் கோச் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் என் கணவர், "நாளைக்குக் கூப்பிடாட்டியும் பரவாயில்லை" என்றார்.

"எனக்குப் பரவாயில்லை இல்லை" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அன்ரி பூசை முடித்து நேரே சேலையோடு வந்தார். பிளாக்டவுன் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. அன்ரி குடையை விரித்தார், பின்னால் இருந்தவர்கள் முறைக்க, மடக்கினார்.

"எங்கட ஆள் எங்க?"

"அங்க, அந்தக் கம்பி வேலிக்குள்ள."

"மறியலில பூட்டி வைச்ச மாதிரி இருக்கு."

எட்டாவது சுற்று. சிட்னி ஒரே ஓர் ஓட்டத்தால் முன்னால் நின்றது. பிரிஸ்பேன்காரர் ஒருவர் அடித்து ஓடினார், ஒருவர் அவுட் ஆனார், அடுத்த இருவர் தளங்களில் ஏறினார்கள். மூன்று தளத்திலும் ஆள். ஒரு நல்ல அடி விழுந்தால் ஆட்டம் கைவிட்டுப் போகும். அடுத்து வந்தவர் உயரமான இடது கைக்காரர். முதல் நாள் ஒரு பந்தை வேலிக்கு வெளியே அடித்து அனுப்பியவர். மானேஜர் நடந்து வந்து, தன் இடது கையைத் தட்டிக் காட்டினார். இடது கைக்காரரை அனுப்பு என்று அர்த்தம்.

புல்பென் கதவு திறந்தது. என் கணவர் ஓடி வந்தார். அன்ரி, "இப்ப என்ன, இப்ப என்ன?" என்று என் கையைப் பிடித்தார். நான் கேட்சரின் கையுறையை மட்டும் பார்த்தேன். அவர் குந்தினார். கையுறையை நடுவில் வைத்தார். பிறகு மெதுவாக இடது பக்கம் நகர்த்தினார். ஒரு சாண். இரண்டு சாண்.

முதல் பந்து வெளியே போவது போல வந்தது. ஆட்டக்காரர் தொடவில்லை. கடைசியில் அது வளைந்து பிளேட்டின் மூலையில் ஏறியது. நடுவர் நல்ல பந்து என்று கையை உயர்த்தினார். ஆட்டக்காரர் திரும்பி நடுவரைப் பார்த்தார். என் கோவைக்காரித் தோழி குடையோடு துள்ளியபோது இருந்த மாதிரியே அவர் முகம் இருந்தது.

இரண்டாவது பந்தை அவர் அடித்தார். நான் கண்ணை மூடிவிட்டேன். அது கோட்டுக்கு வெளியே வேலியில் போய் விழுந்த சத்தம் கேட்டது. கணக்கில் அதுவும் எங்களுக்குத்தான். திறந்து பார்த்தபோது என் கணவர் புதுப் பந்தை இரண்டு கையாலும் உருட்டிக்கொண்டு நின்றார். அவசரமில்லாமல் உருட்டினார். அவர் அப்படி உருட்டினால் நிம்மதியாக இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாவது பந்து. கை பதிந்து பக்கவாட்டாகச் சுழன்றது. கூரை இல்லாத மைதானத்திலும் கொட்டகைக்குள் எறிகிற அதே கை. ஆட்டக்காரர் முழுப் பலத்தோடு வீசினார். பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கியது. கட்டையின் அடி அதன் தலையில்தான் பட்டது. அது நிலத்தில் குத்தி இரண்டாம் தளத்துக்குப் பக்கத்தில் நின்றவரிடம் உருண்டு போனது. அவர் பொறுக்கித் தளத்துக்கு எறிந்தார், ஒருவர் அவுட். அங்கே பிடித்தவர் சுழன்று முதல் தளத்துக்கு எறிந்தார். அடித்தவர் ஓடி வந்து விழுந்தார். அவருக்கு ஒரு காலடி முன்னால் பந்து போய்ச் சேர்ந்தது. இரண்டாவது அவுட். ஒரே பந்தில் இரண்டு பேர், முதலிலேயே ஒருவர், ஆக மூன்று அவுட். சுற்று முடிந்தது. தளங்களில் நின்றவர்கள் ஓடியதெல்லாம் வீண். ஒருவரும் ஓட்டம் எடுக்கவில்லை.

நான் கதிரையின் மேலே ஏறி நின்றுகொண்டிருந்தேன். எப்போது ஏறினேன் என்று தெரியாது. அன்ரிக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் எழும்பி நின்று கத்தியதால் அவரும் எழும்பி, பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரக் கிழவருக்குக் கை கொடுத்தார். "எங்கட பிள்ளை" என்று அவருக்குத் தமிழிலேயே சொன்னார். என் கணவர் மைதானத்தைக் கடந்து வரும்போது கேட்சர் அவருடைய தலைத் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டார். தொப்பியைத் தூக்கியதும் அவர் முதலில் வலைப்பக்கம் பார்த்தார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவர் சிரித்தார். ஒன்பது வருடத்தில் மைதானத்துக்குள் அவர் பல் தெரியச் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன்.

ஒன்பதாவது சுற்றை இன்னொருவர் எறிந்து முடித்தார். சிட்னி வென்றது. வாசலில் பிட்சிங் கோச் என்னிடம் வந்து கை கொடுத்தார். கை முழுவதும் அவர் கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதையின் உப்பு.

"எப்போது மெல்பேர்னுக்குத் திரும்புகிறீர்கள்?" என்று கேட்டார்.

"நாளைக் காலை."

"நீங்கள் போகலாம். அவர் போக முடியாது."

நான் திங்கட்கிழமை தனியே கார் ஓட்டிக்கொண்டு மெல்பேர்ன் வந்தேன். ஒன்பது மணித்தியாலத்துக்கு மேல். வழி முழுக்க எனக்குள் நானே கதைத்துக்கொண்டு வந்தேன். அல்பரியில் நிறுத்தி கோவைக்காரிக்குப் போன் எடுத்தேன். மூன்றாவது பந்தைச் சொன்னபோது, "ஏங்க, இருங்க, திரும்பச் சொல்லுங்க" என்றாள். மூன்று தரம் சொன்னேன்.

அந்தப் பருவத்தில் மிச்சம் இருந்த வாரங்களில் அவரை ஆறு ஆட்டத்தில் கூப்பிட்டார்கள். ஐந்து நல்லாகப் போயின. ஒன்றில் நல்ல அடி வாங்கினார். நான் அதை வேலையிடத்துக் குசினியில் போனில் பார்த்துக்கொண்டு தேத்தண்ணியைக் கொட்டினேன். பருவம் முடிந்தபோது அடுத்த பருவம் முழுவதற்கும் கையெழுத்து வாங்கினார்கள். அப்படி முழுப் பருவத்துக்கும் சேர்த்து ஓர் அணி அவரிடம் கையெழுத்து வாங்கியது நான் அறிய அதுதான் முதல் தரம். அன்ரி விசாரித்துச் சொல்லி எனக்கு வெஸ்ட்மீட்டிலேயே இரத்தம் எடுக்கிற வேலை கிடைத்தது. நாங்கள் வீடு மாறினோம். இங்கே அவருக்கு அணியில் நல்ல கேட்சர்கள் இருக்கிறார்கள், என்னைத் தேவையில்லை. ஆனாலும் ஞாயிறு காலைகளில் நான் விடுவதில்லை.

அவர் இன்னும் புல்பெனில் இருக்கிறவர்தான். ஒருநாளும் ஆட்டத்தைத் தொடங்கி எறியப் போவதில்லை. போஸ்டரில் படம் வரப்போவதில்லை. அவர் வேலை இடது கைக்காரர் ஒருவரோ இருவரோ வரும்போது எழும்பிப் போவது, எறிவது, திரும்பி வந்து இருப்பது. அந்த வேலைக்கு இப்போது அவரைக் கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். எங்களுக்கு அது பெரிய விஷயம்.

போன மாதம் ஜெர்மனியில் ஒரு சிறிய நகரத்து அணி எழுதியிருந்தது. அங்கே ஆட்டம் எங்களுடைய குளிர்காலத்தில் நடக்கும். ஏப்ரலில் வந்து எறிய முடியுமா என்று கேட்டார்கள். முப்பத்தைந்து வயதில் ஒருவரை வேறொரு நாட்டிலிருந்து கேட்கிறார்கள். அவர் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு என்னிடம் போனை நீட்டினார். நான் ஒரு தரம்தான் படித்தேன்.

"போவமோ?" என்று கேட்டார்.

"பாஸ்போட்டை எடுங்கோ, திகதி பாப்பம்."

என் சித்தியின் மகள் டோர்ட்முண்டில் இருக்கிறாள். நேற்று அவளுக்குப் போன் எடுத்து வருகிறோம் என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. குளிர் உடுப்பு கொண்டு வா, அரிசி கொண்டு வராதே, இங்கே எல்லாம் இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே போனாள். பிறகு, "எத்தினை மாசம் நிப்பியள்?" என்று கேட்டாள்.

"எத்தினை மாசம் வைச்சிருக்கினமோ, அத்தினை மாசம்" என்றேன்.